நிலம் சூழ்ந்த நீர்

(புதுக்கோட்டையில் ஒரு மார்கழி மாலை, வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் தம்பி மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். போன மார்ச் மாதம் ஒரு வார விடுமுறையில் சைப்ரஸ் தீவுக்குப் போயிருந்தாள். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இருக்கிற தீவு அது. அங்கிருந்து வாட்ஸ்அப்பில் வரிசையாகப் படங்கள் அனுப்பினாள். லார்னகா என்ற ஊரில் விமானம் இறங்கும் இடத்தை ஒட்டியே ஓர் உப்பு ஏரி. அதில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அடுத்த படத்தில் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த தகைவிலான்கள். அதற்கடுத்து, விடுதிப் புல்வெளியில் கொண்டையை விரித்து நின்ற ஒரு கொண்டலாத்தி. கீழே எழுதியிருந்தாள்: “பெரியப்பா, நீங்க ஒரு தடவை கட்டாயம் இங்க வரணும். நம்ம ஊர்ல பாக்குறதுக்கு என்ன இருக்கு?”

அந்தக் கொண்டலாத்திப் படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக் கொல்லையில் எருக்குழி ஓரமாக இன்னொரு கொண்டலாத்தி மண்ணைக் குத்திக் குத்திப் புழு எடுத்துக்கொண்டிருந்தது. அதே மூக்கு, அதே கொண்டை. அவள் அப்பத்தா இருந்த காலத்திலிருந்து அந்த முற்றத்துக்கு வந்துபோகிற இனம். அந்தப் பிள்ளை சிறுவயதில் நான்கு கோடை விடுமுறையை அந்த வீட்டில்தான் கழித்தாள். கொண்டலாத்தியை யாரும் அவளுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும்தான் காட்டவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அவள் கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுத எனக்கு வரவில்லை. இன்று மாலை உங்கள் முன்னால் பேசப்போவதுதான் அந்தப் பதில்.

முதலில் அவள் போன இடத்துக்கே போவோம். மத்தியதரைக் கடல் தீவுகளுக்குப் பறவை பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஆண்டுதோறும் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் கல்லோனி உப்பளத்தைச் சுற்றி வசந்த காலத்தில் தொலைநோக்கி வைக்க இடம் கிடைக்காது என்பார்கள். ஏன் அங்கே அவ்வளவு பறவை? ஐரோப்பாவில் கூடு கட்டுகிற பறவைகளில் பல, குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழிக்கின்றன. இடையில் கடல் கிடக்கிறது. இருபது கிராம் எடையுள்ள குருவி, உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டு இரவெல்லாம் பறந்து, விடியும்போது கீழே ஒரு துண்டு நிலம் தெரிந்தால் இறங்குகிறது. ஒரு புதர், நாலு பூச்சி, ஒரு வாய் நல்ல தண்ணீர். இரண்டு நாள் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி பறக்கிறது. நமக்கு விடுமுறைத் தலமாகத் தெரியும் தீவு பறவைக்கு வழியில் கிடைத்த சத்திரம்.

சத்திரத்தில் இறங்குகிறவர்களை எதிர்பார்த்தே வாழ்கிற ஒரு வல்லூறு அங்கே இருக்கிறது. எலியனோரா வல்லூறு என்று பெயர். மற்ற பறவைகளெல்லாம் வசந்தத்தில் குஞ்சு பொரிக்க, இது மட்டும் கோடை முடிகிற வரைக்கும் காத்திருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் களைத்துப்போய்க் கடல் கடந்து வருகிற சிறு பறவைகளைப் பிடித்துத்தான் தன் குஞ்சுகளை வளர்க்கும். குஞ்சு பறக்கப் பழகியதும் குடும்பத்தோடு மடகாஸ்கருக்குப் போய்விடும். 14ஆம் நூற்றாண்டில் சார்டீனியாத் தீவில் அர்போரியா என்ற நாட்டை ஆண்ட எலியனோரா என்ற பெண்ணரசியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். வேட்டைப் பறவைகளின் கூட்டில் கைவைக்கக் கூடாது என்று அவர் கொண்டுவந்த சட்டத்தில் எழுதியிருந்தது. அறுநூறு ஆண்டுக்கு முன்பு ஓர் அரசுக்கு அந்த நினைப்பு வந்திருக்கிறது.

அதே கடலில் வேறு முகமும் உண்டு. சைப்ரஸில் குச்சிகளில் பசை தடவிப் புதருக்குள் செருகி வைத்து, வந்து உட்காருகிற சிறு குருவிகளைப் பிடித்துச் சமைக்கிற பழக்கம், சட்டம் தடுத்தும் இன்னும் முழுதாக நிற்கவில்லை. மால்டா தீவில் வசந்த கால வேட்டை வேண்டுமா வேண்டாமா என்று 2015 ஏப்ரலில் பொது வாக்கெடுப்பே நடந்தது. நூலிழையில் வேட்டை வென்றது. களைத்து வந்து இறங்குகிறவனைச் சத்திர வாசலில் வைத்து அடிப்பதுபோல எனக்குப் படுகிறது. அவர்களைக் குறை சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடப் போவதில்லை. நம் பக்கமும் வருவேன்.

இப்போது நம் மாவட்டத்தை வானத்திலிருந்து பாருங்கள். ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வெள்ளாறும் அக்னியாறும் மழைக்கு ஓடி மழையோடு நின்றுவிடும். செம்மண், சரளை, பாறைக் குன்று, பனை, முந்திரி. இந்தக் காய்ந்த நிலத்தின் மேல் யாரோ கண்ணாடித் துண்டுகளை வாரி இறைத்ததுபோல ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் ஏந்தல்களும் ஊருணிகளும் கிடக்கின்றன. ஒன்று நிறைந்து கலிங்கு வழியாக அடுத்ததுக்குப் போகும். அது நிறைந்து அதற்கடுத்ததுக்கு. வடகிழக்குப் பருவமழை சரியாகப் பெய்த ஆண்டில், கார்த்திகை முடிவில் மேலிருந்து பார்த்தால் இந்தப் பூமி முழுக்க மினுங்கும்.

நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். நம் கண்மாய் நிலம் சூழ்ந்த நீர். பறந்து களைத்த உயிருக்கு இரண்டும் ஒன்றுதான். சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் தெற்கே வருகிற வாத்துக்கு இந்த வறண்ட சமவெளி ஒரு கடல் மாதிரி; அதற்கு இறங்க ஓர் இடம் வேண்டும். மார்ச்சில் சைப்ரஸுக்கு மேலே வடக்கு நோக்கிப் போகிற நீலச்சிறகிக் கிளுவையும், அதே மாதம் நம் கண்மாயை விட்டுக் கிளம்புகிற நீலச்சிறகிக் கிளுவையும் ஒரே இனம். ஒன்று ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிறது, இன்னொன்று புதுக்கோட்டையில் கழித்துவிட்டுத் திரும்புகிறது. தம்பி மகள் படமெடுத்த அந்தத் தகைவிலானும் அப்படித்தான். ஐப்பசியில் நம் பேருந்து நிலையத்துக் கம்பிகளில் வந்து உட்காருகிறதே, அதே இனம்.

இது நமக்குப் புதிய செய்தியும் இல்லை. சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வறுமையில் மதுரைப் பக்கம் வந்து குளிரில் வாடிக் கிடந்த மனிதர், மேலே போகிற நாரையைக் கூப்பிட்டுப் பேசுகிறார். நாம் அதை வறுமையின் பாட்டாகவே படித்துவிட்டோம். எனக்கு அதில் இரண்டு விஷயம் பெரிதாகத் தெரிகிறது. ஒன்று, அந்தப் பறவை தன் துணையோடு தெற்கே குமரிவரை போய்விட்டு வடக்கே திரும்புகிறது. வலசையின் திசை அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. இரண்டாவது, என் மனைவியிடம் சொல் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் குளத்தில் தங்கிவிட்டுப் போய்ச் சொல் என்கிறார். நாரை போகிற வழியில் குளத்தில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். புறநானூற்றில் பிசிராந்தையார் அன்னச்சேவலைக் கூப்பிட்டுப் பேசுகிற இடத்திலும் இதே சங்கதிதான். குமரித் துறையில் மேய்ந்துவிட்டு வடமலைக்குப் போகிற பறவை, நடுவில் சோழநாட்டு உறையூரில் இறங்க வேண்டும். உறையூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? குமரியிலிருந்து உறையூருக்குப் பறக்கிற பறவை நம் தலைக்கு மேலேயோ, நமக்குச் சற்றுத் தள்ளியோதான் போக வேண்டும். நம் கண்மாயிலும் ஒருவேளை நின்றிருக்கும்.

சத்திமுத்தப் புலவர் பார்த்தது செங்கால் நாரை. பறவை அறிந்தவர்கள் அதை வெள்ளை நாரை என்று அடையாளம் சொல்கிறார்கள். சிவந்த கால், பவளம்போன்ற அலகு. இந்த இனம் ஐரோப்பாவிலும் உண்டு. அங்கே வீட்டுக் கூரைமேல் கூடு கட்டும். இது சிறகை அடித்துப் பறப்பதைவிட, சூடாகி மேலெழும் காற்றில் மிதந்து போகவே விரும்பும். கடல்மேல் அந்தக் காற்று எழாது. அதனால் மத்தியதரைக் கடலை நேரே கடக்காமல், ஒரு கூட்டம் மேற்கே ஜிப்ரால்டர் வழியாகவும் மற்றொரு கூட்டம் கிழக்கே பாஸ்பரஸ் வழியாகவும் சுற்றிக்கொண்டு ஆப்பிரிக்கா போகும். சத்திமுத்தத்துக் குளமும் பாஸ்பரஸ் நீரிணையும் ஒரே பறவையினத்தின் வாழ்க்கைக்குள் வருகின்றன. இதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, கண்மாய்க் கரைக்குப் போவோம். நம் நகரத்தின் தெற்கே இருக்கிற கவிநாடு கண்மாய் உங்கள் எல்லோருக்கும் தெரியும். திருமயம் சாலையில் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மார்கழிக் காலை ஆறு மணிக்குக் கரையில் நின்றால் முதலில் எதுவும் தெரியாது. பனி. சத்தம்தான் முதலில் வரும். முக்குளிப்பான் கனைக்கிற சத்தம், நாமக்கோழிகள் தண்ணீரில் அடித்துக்கொள்கிற சத்தம், ஆள்காட்டி. ஆள்காட்டி நம்மைத்தான் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் வெளுத்ததும், இரவெல்லாம் மீன் பிடித்த வக்காக்கள் கருவேல மேட்டுக்குத் திரும்பும். அதே மேட்டிலிருந்து நீர்க்காகங்கள் கிளம்பும். ஒரே வீட்டில் இரவு வேலை பார்க்கிறவரும் பகல் வேலை பார்க்கிறவரும் வாசலில் கடந்துபோவதுபோல இருக்கும். சூரியன் ஏறியதும் மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கத் தொடங்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். முதன்முதலாகப் பார்க்கிறவர் தண்ணீர்ப் பாம்பு என்றே நினைப்பார்.

நத்தைகுத்தி நாரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அதன் அலகு இரண்டும் மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், பாக்குவெட்டிபோல. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். சேற்றுக்குள் அலகை விட்டு நத்தையைத் தேடி எடுத்து, ஓட்டை நொறுக்காமல் உள்ளே இருக்கிற சதையை மட்டும் உருவி எடுத்துவிடும். கரையில் வெறும் நத்தை ஓடுகள் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த நாரை சாப்பிட்டு எழுந்த இலை. நத்தை நாற்றைத் தின்னும். நாரை நத்தையைத் தின்னும். வயலுக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி யார் செய்வார்கள்?

ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு முன்பு, நான் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்மாய்களைச் சுற்றத் தொடங்கிய புதிதில், அன்னவாசல் பக்கம் ஒரு கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, தெனம் வந்து கண்ணாடி வச்சுப் பாக்குறியே, தண்ணி அளக்குற ஆபீஸா?”

“இல்ல அப்பத்தா, பறவை பாக்குறேன்.”

“அதுக்கு எதுக்குக் கண்ணாடி? நான் பொறந்ததுலேருந்து வெறுங்கண்ணால பாக்குறேன். அந்தா கருவ மேட்டுல அடையுதே, அதுக கார்த்திகைக்குள்ள வந்து குச்சி பொறுக்குனா இந்த வருசம் தண்ணி பங்குனி தாண்டும். வந்து சுத்திட்டுப் போயிருச்சுன்னா நாத்து விடாதன்னு அர்த்தம்.”

பிறகு பல ஆண்டுகள் என் குறிப்பேட்டோடு அதை ஒத்துப் பார்த்தேன். பெரும்பாலும் அவர் சொன்னபடியே இருந்தது. அதில் மர்மம் ஒன்றுமில்லை. நாரையினம் முட்டையிட்டுக் குஞ்சு பறக்கிற வரைக்கும் கூட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்க வேண்டும், குஞ்சுக்கு மீனும் நத்தையும் தவளையும் தட்டாமல் கிடைக்க வேண்டும். கண்மாயில் போதுமான தண்ணீர் இருந்தால்தான் அது குச்சியைக் கையில், அதாவது அலகில், எடுக்கும். அந்த அப்பத்தா பறவையை வைத்துத் தண்ணீரைப் படித்தார்.

அவர் சொன்ன கருவ மேடுதான் நம் தீவு. கண்மாய் உள்வாயில் மண்ணைக் குவித்து மேடு போட்டு நாட்டுக்கருவேல் வளர்த்த இடங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் ஏறிவிடும். நாயோ பூனையோ நரியோ நீந்தி வராது. முள் இருக்கிறது, கிளை கிளையாகப் பிரிந்த மரம் இருக்கிறது. கொக்கு, வக்கா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் எல்லாம் மாடி வீடுகள்போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடு வைக்கும். எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகும். உர மூட்டை வாங்காமலே பயிர் கருகருவென்று நிற்கும். செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பறவையைக் காத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அன்பு மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பயனும் அன்பும் சேர்ந்து இருந்ததால்தான் அது இருநூறு ஆண்டுக்கு மேல் நிலைத்தது.

நமக்கு அண்டை வீடு இன்னும் நெருக்கமானது. பொன்னமராவதியைத் தாண்டிச் சிவகங்கை மாவட்டத்தில் நுழைந்தால் திருப்பத்தூருக்கு அருகில் கொள்ளுக்குடிப்பட்டி. அங்கே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977இல் அறிவித்தார்கள். அந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணம், காது குத்து, கோயில் விசேஷம் எதற்கும் வேட்டுச் சத்தம் கிடையாது. கண்மாயில் குஞ்சு இருக்கிறது, அது மிரண்டு கூட்டிலிருந்து விழுந்துவிடும், அவ்வளவுதான் அவர்கள் சொல்கிற விளக்கம். புத்தாடை கட்டிய பிள்ளைகள் தீபாவளி நாளில் வெடி கேட்டு அழாமல் இருக்க அந்த ஊர்த் தாய்மார்கள் எவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்க வேண்டும்! மால்டாவின் வாக்கெடுப்பைச் சொன்னேன் இல்லையா? கொள்ளுக்குடிப்பட்டி வாக்கெடுப்பு நடத்தவில்லை. ஊராகவே தீர்மானித்துக்கொண்டது.

இப்போது நம் குறைகளுக்கு வருகிறேன். அந்தக் கருவேல மரங்களை ஏலம் விடுகிறோம். விறகுக்கு, கரிக்கு. ஊராட்சிக்கு அந்த வருமானம் தேவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த மாதத்தில் வெட்டுகிறோம்? தை, மாசியில் கூடு நிறையக் குஞ்சு இருக்கும்போது அரிவாள் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். இறகு முளைக்காத குஞ்சுகள் கரையில் கிடந்தன. தாய்ப் பறவைகள் இரண்டு நாள் மேலே சுற்றிக்கொண்டே இருந்தன. அந்தக் கண்மாய்க்கு அடுத்த நான்கு ஆண்டுகள் ஒரு கூடுகூட வரவில்லை. ஏலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. குஞ்சு பறந்தபிறகு, வைகாசியில், கண்மாய் காய்ந்து கிடக்கும்போது வெட்டுங்கள். மேட்டுக்கு மேடு மாற்றி மாற்றி வெட்டுங்கள். ஒரு ரூபாய்கூடக் குறையாது. இதைக் கிராமசபைக் கூட்டத்தில் யாராவது எழுந்து சொன்னால் போதும். இங்கே இருக்கிற நூறு பேரில் பத்துப் பேராவது சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தூர்வாருவதும் அப்படித்தான். கண்மாயைத் தூர்வார வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கண்மாய் என்பது கரையோரம் ஆழமாகி, உள்வாய் நோக்கிப் போகப் போகத் தட்டையாகி, கடைசியில் ஈரமண்ணாக முடிகிற அமைப்பு. நம் முன்னோர் கட்டிய வடிவம் அது. உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் ஓர் அங்குலத் தண்ணீர் போதும். நாரைக்கு முழங்கால் ஆழம். கிளுவைக்கு ஓர் அடி. நீர்க்காகத்துக்கு ஆள் ஆழம். சரிவாக இருந்தால் எல்லோருக்கும் இடம் உண்டு. பொக்லைன் வைத்து நெட்டுக்குத்தாகத் தொட்டிபோல வெட்டினால் நீர்க்காகம் மட்டும்தான் மிஞ்சும். ஆடுமாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் முடியாது, குழந்தைகள் விழுந்தால் ஏறவும் முடியாது. வரத்துவாரிகளை ஆக்கிரமித்தது, நீர்ப்பிடிப்பில் தைல மரத்தை நட்டு, மழைநீர் கண்மாய்க்கு வராமல் பாத்தி பாத்தியாக மறித்தது, இவற்றைப் பற்றி நம் மாவட்டத்து விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அவர்கள் தண்ணீருக்காகப் பேசுகிறார்கள். பறவைக்கும் அதே தண்ணீர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாலையோரத்தில் உரித்து வைத்து விற்கிறார்களே, காடை என்று சொல்லி. அதில் பல, மடையானும் உண்ணிக்கொக்கும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது. விற்கிறவர் பெரும்பாலும் வேறு பிழைப்பு இல்லாத ஏழை. அவரைத் திட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை. காரை நிறுத்தி வாங்குகிறவர் ஏழை அல்லர். அவரிடம்தான் என் வேண்டுகோள்.

கோடையில் நம் பக்கத்து மீன்பிடித் திருவிழா நினைவுக்கு வருகிறது. தண்ணீர் வற்றியதும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீச, ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக நாலா ஊர் சனமும் இறங்கும். கெண்டை, விரால், கெளுத்தி. அன்று ஊரெங்கும் மீன் குழம்பு மணக்கும். எல்லோரும் போனபிறகு மாலையில் போய்ப் பாருங்கள். கலங்கிய சேற்றில் நாரைகளும் கொக்குகளும் வரிசையாக இறங்கி, நாம் விட்ட சிறு மீன்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கும். அவை அன்று காலை முதலே சுற்று மரங்களில் காத்திருந்தவை. பந்தி முடிந்தபிறகு வந்து உட்காருகிற அடுத்த பந்தி.

விராலிமலை மயில்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். முருகன் மலையில் காலையில் மயில் அகவுவதைக் கேட்பது பெரும் சுகம். ஆனால் கடலையும் சோளமும் போட்ட விவசாயிக்கு அந்த மயில் படுத்தும் பாடும் உண்மை. அவர் நட்டத்துக்கு வழி சொல்லாமல் மயிலின் அழகை மட்டும் பேசுவது நியாயம் இல்லை என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கடற்கரைக்கு வருவோம். நம் மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் பாக் விரிகுடாக் கரை. அலை குறைந்த, ஆழம் குறைந்த கடல். மீமிசலுக்குப் பக்கத்தில் முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வரலாம். வற்றுநேரத்தில் சேற்றுத் திட்டுகளில் உள்ளான் கூட்டம் மேய்வதைப் பார்க்கலாம். இதே கரையில் வடகிழக்கே போனால் கோடியக்கரை. சாலிம் அலி தொடங்கி வைத்த வளையமிடும் ஆய்வில் அங்கே ஆயிரக்கணக்கான சிறு உள்ளான்களின் காலில் வளையம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சிறு பறவை கூடு வைப்பது சைபீரியாவின் வடகோடியில்.

கடலுக்கு அடியில் கடற்புல் வெளி இருக்கிறது. அதில் மேய்கிறது ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடற்பசு. பசு என்பது சரியான பெயர். புல்லைத் தவிர வேறு பெரும்பாலும் தொடாது, மேய்ந்த தடம் கடலடியில் வரப்புபோல விழுந்திருக்கும், சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும், தாய் குட்டிக்குப் பால் கொடுக்கும். ஈத்து ஒன்றுதான், அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது தமிழ்நாடு அரசு. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று வந்த முதல் பாதுகாப்பகம் இதுதான். நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மத்தியதரைக் கடலில் இதற்கு இணையான ஓர் உயிர் இருக்கிறது, துறவிச் சீல் என்று சொல்லலாம். ஒருகாலத்தில் திறந்த மணல்வெளிகளில் கூட்டமாகப் படுத்துக் கிடந்த விலங்கு. மனிதர் நெருங்க நெருங்கக் கடற்குகைகளுக்குள் ஒதுங்கிவிட்டது. அங்கேதான் இப்போது குட்டி போடுகிறது. உலகம் முழுக்க ஆயிரத்துக்குள்தான் மிச்சம். கிரேக்கத்தின் அலோனிசோஸ் தீவைச் சுற்றி 1992இல் கடற்பூங்கா அமைத்து அதைக் காக்கிறார்கள். அங்கேயும் கடற்புல் வெளிகள் உண்டு. விடுமுறைக்கு வருகிற உல்லாசப் படகுகளின் நங்கூரம் அந்தப் புல்லைப் பிய்த்தெறிவதால், ஸ்பெயினின் பலியாரிக் தீவுகளில் 2018இல் புல்வெளிமேல் நங்கூரம் போடக் கூடாது என்று ஆணை வந்தது. அங்கே நங்கூரம், இங்கே கடலடியை உழுதுபோகும் இரட்டை மடி வலை. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். வலையில் தவறிச் சிக்கிய ஆவுளியாவை, ஆயிரக்கணக்கில் விலைபோகும் வலையை அறுத்து மறுபடி கடலில் விட்ட மீனவர்கள் நம் விரிகுடாவில் இருக்கிறார்கள். அரசு அவர்களைப் பாராட்டிப் பரிசு கொடுத்திருக்கிறது. விடுமுறைக்கு வந்தவர் அல்லர், அன்றன்றாடம் கடலை நம்பி அடுப்பேற்றுகிறவர் வலையை அறுத்தார்.

2018 நவம்பர் 16 அதிகாலையை இந்த அவையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கஜா புயல் போன மறுநாள் நான் கீரமங்கலம் பக்கம் போனேன். தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. கூடவே பறவைச் சத்தமே இல்லை; காக்கைகூடக் கத்தவில்லை. அந்த அமைதி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அடுத்த மாசியில் மறுபடி போனேன். தலை முறிந்து மொட்டையாக நின்ற தென்னைகளில் கிளி பொந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மரத்தின் உச்சியில் பனங்காடை, சிறகு விரிக்கும்போது நீலம் பளிச்சென்று. தோட்டத்துக்காரர் என் பக்கத்தில் நின்றார். “இதையும் வெட்டணும்னு ஆள் சொல்லியிருந்தேன். குஞ்சு எறங்கட்டும், விட்டுட்டேன்” என்றார். அவருக்கு அந்த ஆண்டு ஒரு காய்கூட இல்லை.

கடைசியாகச் சித்தன்னவாசலுக்கு வாருங்கள். எல்லோரும் போயிருப்பீர்கள், பள்ளிச் சுற்றுலாவிலாவது. அடுத்த முறை போகும்போது அறிவர் கோயில் விதானத்தை அண்ணாந்து, பறவை பார்க்கிறவர் கண்ணோடு பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலான ஓவியம். தாமரைக் குளம். மீன்கள், அன்னங்கள், எருமை, யானை. மூன்று பேர் குளத்துக்குள் நின்று பூப்பறிக்கிறார்கள். அந்த ஓவியர் குளத்தங்கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். தாமரைத் தண்டுக்கிடையில் மீன் திரும்புகிற விதம் வேறு எப்படித் தெரியும்? சமணப் பெரியோர் அதற்கு என்ன தத்துவம் சொன்னார்களோ, அது ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு அந்த விதானம் நம் மாவட்டத்துக் கண்மாய் ஒன்றின் படம். மனிதர் உள்ளே இறங்கி நிற்கிறார், பறவை எழுந்து பறக்கவில்லை.

தம்பி மகள் பொங்கலுக்கு வருகிறாள். 2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை எண்ணிக் குறித்து அனுப்பினால் போதும். படிப்பு, பட்டம் எதுவும் கேட்க மாட்டார்கள். அவளோடு நான் கவிநாட்டுக் கரையில் இருப்பேன். அதற்கு முன்பு, நாளைக் காலையே ஒருமுறை போகலாம் என்று இங்கே சிலர் கேட்டார்கள். ஐந்தே முக்காலுக்குப் பேருந்து நிலைய வாசலில் நிற்கிறேன். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். செல்போனை அமுக்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பைனாகுலர் மூன்று இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு முதலில்.